சீ வாட்டர் டெம்பரேச்சரை காப்பி அடிக்காதீங்க தம்பிகளா

நான் யாங்கோன்ல பிறந்து வளர்ந்தவன், கப்பல்ல எஞ்சினியரா 22 வருஷம் ஆச்சு. இப்ப லீவுல வீட்ல இருக்கேன், மோல்மேன், தட்டோன் பக்கத்துல இருந்தெல்லாம் நம்ம தமிழ்ப் பசங்க கேடட்டா, அதாவது பயிற்சிக்கு, கப்பல் ஏறப்போறவங்க வந்து என்ன படிக்கணும், என்ன எடுத்துட்டுப் போகணும்னு கேக்கறாங்க. அவங்ககிட்ட நான் முதல்ல சொல்றது இதுதான், எஞ்சின் லாக் புக்ல கடல் தண்ணி டெம்பரேச்சர்னு ஒரு கட்டம் இருக்கும், அதை தெர்மாமீட்டரைப் பார்த்து எழுதுங்க, முந்தின வாட்ச்காரன், அதாவது உங்களுக்கு முன்னால டூட்டி பார்த்தவன், எழுதினதைப் பார்த்து எழுதாதீங்க.

ஒரு ஆகஸ்ட் மாசம் போர்ட் சயீத்ல இருந்து கருங்கடலுக்குப் போய்ட்டிருந்தோம், கோதுமை ஏத்த. நான் செகண்ட் எஞ்சினியர், காலையும் சாயங்காலமும் நாலு டு எட்டு வாட்ச். ரெண்டு நாள் ஓட்டம், லாக்ல பார்த்தா எல்லா வாட்ச்லயும் 29, 29, 29. ஏஜியன் கடல் தாண்டி, கருங்கடல் பக்கம் போற டார்டனெல்ஸ் ஜலசந்தி வாசல்ல நிக்கறோம், அப்பவும் 29. எனக்கு அது ஒத்துக்கல, ஏன்னா கடல் தண்ணியை வெச்சு எஞ்சின் சூட்டை இறக்கற சென்ட்ரல் கூலரோட வால்வு பாதிக்கு மேல மூடிக்கிச்சு, கடல் தண்ணி நல்லா குளிர்ந்தாத்தான் அப்படி மூடும். பம்ப் பக்கத்துல போய் குனிஞ்சு பார்த்தா 23. கேடட் தம்பி முகம் வெளுத்துப் போச்சு, "அண்ணே, ரெண்டு நாளா மாறலையேன்னு அதையே எழுதிட்டேன்"னான். கோடைல ஏஜியன்ல வடக்குக் காத்து விடாம அடிக்கும், மேல் தண்ணியைத் தள்ளிவிட்டு அடியில இருக்கற குளிர்ந்த தண்ணியை மேல கொண்டு வரும், கருங்கடல் தண்ணியும் அந்த வாசல் வழியாத்தான் இறங்குது. அவன் எழுதின 29ல அந்தக் கடலே காணாமப் போச்சு.

இது எஞ்சினுக்கு மட்டும் உள்ள விஷயம் இல்ல. வானிலை ரிப்போர்ட் அனுப்பற கப்பல்கள்ல பிரிட்ஜ்ல, அதாவது மேல கப்பல் ஓட்டற அறையில, இருந்து போன் பண்ணி எஞ்சின் ரூம்லதான் தண்ணி டெம்பரேச்சர் கேப்பாங்க, பல கப்பல்ல இன்னும் அப்படித்தான். சாட்டிலைட் வந்து 1980கள்ல இருந்துதான் ஒழுங்கா கணக்கு இருக்கு, அதுக்கு முன்னால நூறு வருஷத்துக்கும் மேல கடல் சூடு பத்தி நமக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் மாலுமிங்க எழுதினது. முதல்ல வாளியில தண்ணி மொண்டு பார்த்தாங்க, கேன்வாஸ் வாளின்னா மேல தூக்கறதுக்குள்ள காத்துல ஆவியாகி கொஞ்சம் குளிர்ந்துடும். அப்புறம் எஞ்சினைக் குளிர்விக்க கடல் தண்ணி உள்ள வர்ற இன்லெட்ல பார்க்க ஆரம்பிச்சாங்க, அது எஞ்சின் ரூம் சூட்டுல கொஞ்சம் கூடக் காட்டும். 1945ல யுத்தம் முடிஞ்ச கையோட உலகக் கடலே திடீர்னு 0.3 டிகிரி குளிர்ந்த மாதிரி ரெக்கார்டு காட்டுது, கடல் ஒண்ணும் குளிரல, இன்லெட்ல பார்த்த அமெரிக்கக் கப்பல் ரிப்போர்ட் குறைஞ்சு வாளியில பார்த்த பிரிட்டிஷ் கப்பல் ரிப்போர்ட் கூடிடுச்சு, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்க 2008 வரைக்கும் ஆச்சு. எப்படி அளந்தாங்கன்னு தெரிஞ்சா சரி பண்ணிடலாம், ஆனா காப்பி அடிச்ச நம்பரை யாரும் சரி பண்ண முடியாது.

நாங்க அன்னிக்கு ஓடின மத்தியதரைக் கடல் கிட்டத்தட்ட மூடின கடல், ஜிப்ரால்டர்ல சுமார் 14 கிலோமீட்டர் அகலத்துலதான் அட்லாண்டிக்கோட சேருது, தண்ணி முழுசா மாற நூறு வருஷம் கிட்ட ஆகும். அதனால சூடு சீக்கிரம் ஏறுது. 1982ல இருந்து பார்த்தா 10 வருஷத்துக்கு சுமாரா 0.4 டிகிரி, கருங்கடல்ல அதைவிட வேகம். 2023 ஜூலை 24ஆம் தேதி மத்தியதரைக் கடல் முழுக்க எடுத்த நடு அளவு 28.71 டிகிரி, அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல அதையும் தாண்டி 28.9. 2003 கோடையிலயே அங்க கடலடி விசிறிப் பவளமெல்லாம் கூட்டமா செத்துப் போச்சு. ஒண்ணு நேர்மையா சொல்லணும், 1970கள்ல அந்தக் கடல் கொஞ்சம் குளிர்ந்தே இருந்தது, அதனால சாட்டிலைட் கணக்கை மட்டும் பார்த்தா ஏத்தம் இன்னும் செங்குத்தாத் தெரியும். அதுக்காகத்தான் பழைய லாக் வேணும்னு சொல்றேன், அதே இடம் அதே மாசம்னு வெச்சுப் பார்த்தாத்தான் மாற்றம் புரியும், ஒரு நாள் 30 காட்டினதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது.

நம்ம ஊர்ல இதை யாருக்கும் தனியா விளக்க வேண்டியதில்ல. கடல் 26, 27 டிகிரிக்கு மேல சூடா இருந்தாத்தான் புயல் வலுக்கும், 2008 மே மாசம் நர்கிஸ் ஐராவதி டெல்டாவுல ஏறினப்போ லட்சத்துக்கும் மேல ஜனங்க போய்ட்டாங்க, அதுல நம்ம சொந்தக்காரங்களும் உண்டு. அந்தமான் கடலும் பாதி மூடின கடல்தான், அதுல ஓடற கப்பல்ல நம்ம பசங்களும் இருக்காங்க.

அதனால தம்பிகளா, தெர்மாமீட்டர் கண்ணாடியைத் துடைச்சுட்டு கண்ணுக்கு நேரா வெச்சுப் படிங்க. எந்த இன்லெட்டுன்னு எழுதுங்க, மேல் இன்லெட்டா கீழ் இன்லெட்டான்னு. தெர்மாமீட்டர் உடைஞ்சிருந்தா கட்டத்துல கோடு போட்டு "உடைஞ்சிருக்கு"ன்னு எழுதிட்டு என்னை மாதிரி யாராவது செகண்ட் எஞ்சினியர் இருப்பான், அவன்கிட்ட புதுசு கேளுங்க.