மண்ணெண்ணெயில் மண்ணைப் போட்டால்

குடியாத்தம் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: “ஏரிப் பாசனக் கழனிகளுக்கு நடுவே போட்ட கிராவல் ரோடு ஐப்பசி மழையில் சேடை ஓட்டியதுபோல ஆகிவிட்டது. அதே குவாரி கிராவலில் மலையடிவாரத்தில் போட்டது மட்டும் அசையாமல் கிடக்கிறது. எப்படி?”

கிராவல் ஒன்றுதான், அதற்குக் கீழே இருக்கும் அடிமண் வேறு. மலையடிவாரத்தில் பாறை சிதைந்து உண்டான மணல் கலந்த செம்மண். ஏரி ஆயக்கட்டிலோ தலைமுறைகளாகப் படிந்த களி. களி நனைந்தால் சக்கரத்தின் அழுத்தத்தில் கல் கீழே இறங்கும், சேறு கல்லிடுக்கு வழியே மேலே வரும். பழி என்னவோ கிராவலுக்கு.

ரோடு போடுமுன் அடிமண்ணைச் சோதிக்கக் கிலோமீட்டருக்கு மூன்று குழியாவது தோண்ட வேண்டும். மண்ணின் நிறம் மாறும் இடத்தில் இன்னொன்று. மூன்று குழி மண்ணையும் ஒரே சாக்கில் கலந்துவிடுகிறார்கள். சராசரி நன்றாக வரும், மோசமான நூறு மீட்டர் அதற்குள் ஒளிந்துகொள்ளும். முதல் சோதனைக்குக் கையே போதும். ஈரமண்ணைக் கண்ணாடிமேல் திரியாக உருட்டுங்கள். 3 மி.மீ. பருமனுக்கு வருமுன்பே உதிர்ந்தால் மணற்பாங்கு. நூல்போல நீண்டுகொண்டே போனால் களி.

களி என்பதோடு முடிவதில்லை. அது நனைந்தால் பருத்து ஊதும் களியா, ஊதாத களியா? இதற்கான சோதனை அவ்வளவு அழகு. உலர்த்தி, 425 மைக்ரான் சல்லடையில் சலித்த மண் 10 கிராம் வீதம் இரண்டு 100 மி.லி. அளவுக் குழாய்களில் போடுங்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். காற்றுக் குமிழி போகக் கிளறி, 24 மணி நேரம் விடுங்கள்.

ஊதும் களியின் துகள்கள் அடுக்கடுக்கான தகடுகள். தகட்டின் முகத்தில் எதிர்மின் சுமை, இடையில் சோடியம், கால்சியம் அயனிகள். தண்ணீர் மூலக்கூறுக்கு ஒரு முனை நேர், மறுமுனை எதிர். அயனிகள் அதை இழுக்க, வரிசை வரிசையாக உள்ளே புகுந்து தகடுகளை விலக்கும். மண்ணெண்ணெய்க்கு அப்படி முனைகள் இல்லை, உள்ளே இழுக்க ஆளில்லை. ஆகவே அடியில் படிந்த மண் மண்ணெண்ணெயில் 10 மி.லி., தண்ணீரில் 17 மி.லி. என்றால் ஊதல் 70 சதவீதம். 50-ஐத் தாண்டிய மண்ணை அப்படியே அடிமண்ணாக வைக்கக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், கயோலின் என்ற ஊதாத வகைக் களியில் மண்ணெண்ணெய்க் குழாயில்தான் மண் உயரமாக நிற்கும்! தண்ணீர் அதன் தகடுகளுக்குள் நுழைய முடியாது. மண்ணெண்ணெயில் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் தொளதொளவென்று திரளும்.

இந்தச் சோதனைக்குப் போர்வெல் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். தோல் பதனிடும் பாலாற்றங்கரை ஊர்களில் பல இடத்து நிலத்தடி நீர் உப்பு. உப்பு ஊதலை அடக்கிவிடும், கெட்ட மண் நல்ல பெயர் வாங்கிவிடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் போதும். பத்து கிராம் மண், ஒரு குவளை மண்ணெண்ணெய், ஒருநாள் பொறுமை: செலவு இவ்வளவுதான். பூமி பூஜைக்குப் பூசணிக்காய் உடைக்க மறப்பதில்லை, இதற்குத்தான் யாருக்கும் கை வருவதில்லை.

மண் பாரம் தாங்கும் வலுவைச் சொல்வது சி.பி.ஆர். (கலிபோர்னியா பேரிங் ரேஷியோ) என்ற சோதனை. இறுக்கிய மண்ணை 4 நாள் நீரில் ஊறவைத்து, 50 மி.மீ. விட்டமுள்ள உருளையை 2.5 மி.மீ. ஆழம் அழுத்த எத்தனை கிலோ தேவை என்று பார்ப்பார்கள். 1370 கிலோ என்றால் 100 சதவீதம். 55 கிலோவிலேயே இறங்கினால் 4. அது மோசமான மண், மேலே கிராவல் தடிமன் கூட வேண்டும். 2-க்கும் கீழே போனால் 30 செ.மீ. மண்ணை மாற்றுவது மேல். ஊறவைக்காமல் சித்திரை வெயிலில் அளந்தால் ஏரிக் களியும் கல்லாகத்தான் தெரியும்.

மாற்ற வழியில்லாவிட்டால் எடையில் 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்பு கலக்கலாம். சோடியம் இருந்த இடத்தைக் கால்சியம் பிடிக்கும், தகடுகள் நெருங்கும். மணலில் கொட்டினால் சுண்ணாம்பு வீண். பிடிக்கக் களி வேண்டும். கலந்த மறுநாள் அந்த மண்ணைத் திரித்துப் பாருங்கள். நேற்று நூலாக நீண்டது, இன்று விரலுக்கடியிலேயே உதிரும்.