ரோட்ஸ்டர்: சொல் விளக்கம்

கொழும்பில் பழைய கார்களைப் போற்றி வைத்திருப்போரிற் பலர், கூரையை மடிக்கக்கூடிய எந்தக் காரையும் ரோட்ஸ்டர் என்று தாராளமாக அழைத்துவிடுகின்றனர். அது பொருத்தமன்று. நிலையான கூரையோ ஏற்றியிறக்கும் பக்கக் கண்ணாடியோ இன்றித் திறந்தபடியே ஓடுவதற்கென்று அமைத்த, பெரும்பாலும் இருவர் மட்டும் அமரும் காரே ரோட்ஸ்டர். அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 1916 இல் வகுத்த வரையறை இருவரோ மூவரோ அமரும் திறந்த கார் என்கிறது.

இச்சொல் காருக்கு மிக முந்தியது. 18ஆம் நூற்றாண்டின் ஆங்கிலத்தில் அது, கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலைக் குறித்தது. (1875 இல் அடிக்கல் நாட்டிய அலைதடுப்புச் சுவர் எழும் வரை கொழும்புக்கு வந்த கப்பல்களும் அவ்வாறே நின்றன.) அடுத்த நூற்றாண்டில் நெடுவழி தாங்கும் சவாரிக் குதிரைக்கும் பின்னர் மிதிவண்டிக்கும் பெயராகி, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காரை வந்தடைந்தது. ரோட் என்பதன் வேர்ச்சொல்லும் பழைய ஆங்கிலத்தில் வீதியைக் குறிக்கவில்லை. சவாரி செய்தலையே குறித்தது.

பொருள் துலங்க வேண்டுமாயின், இங்கிலாந்தின் அபிங்டனில் 1955 முதல் 1962 வரை உருவான, எம்.ஜி. என்ற கார் நிறுவனத்தின் எம்.ஜி.ஏ. ரோட்ஸ்டரை அருகில் நின்று பார்க்க வேண்டும். அதன் கதவுக்கு வெளிக் கைபிடி கிடையாது. கையை உள்ளே விட்டு, கதவுப் பைக்குள் இருக்கும் கயிற்றை இழுத்தாற்றான் திறக்கும். மழைக்குக் கழற்றி மாட்டும் பக்கத் திரைகளே துணை. நம்மூர்ப் பருவமழையில் அவை எவ்வளவு தாங்கும் என்பது வேறு கதை. திறப்பைத் திருப்பினால் மட்டும் என்ஜின் இயங்காது, அதற்கெனத் தனிக் குமிழொன்றை இழுக்க வேண்டும். ஹோர்ன் பொத்தானும் ஸ்டியரிங்கில் அன்றி முகப்புப் பலகையிலேயே இருக்கிறது. கம்பிச் சில்லுகளை இறுக்கும் திருகுமூடிக்கு இரண்டு காதுகள் உண்டு. சுத்தியலால் அவற்றைத் தட்டியே கழற்றுவர். அக்காலத்தில் அக்கம்பிகள் பெரும்பாலும் வெள்ளிநிறப் பூச்சுடனேயே வந்தமையால், இன்று குரோம் மினுக்கத்தோடு நிற்பவற்றைக் காலப் பொருத்தமுள்ளவையாக நான் ஏற்பதில்லை.

தமிழில் என்ன சொல்லலாம்? சாலையூர்தி என்ற நேர்ப்பெயர்ப்பு லொறிக்கும் பொருந்தும் என்பதால் பயனற்றது. குதிரையோடு உள்ள உறவால் சவாரி என்பது நெருங்கி வந்தாலும், அது பாரசீகத்திலிருந்து வந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு அது மாட்டுவண்டிப் பந்தயத்தையே நினைவூட்டும். ஆகவே திறந்த ஈரிருக்கை மகிழுந்து என்பதே என் தெரிவு. நீளமாயினும் அது வரையறையை விட்டு விலகவில்லை. கன்வெர்ட்டிபிள் வகைக்கு மடிகூரை மகிழுந்து என்று தனிப்பெயர் வைத்துக்கொண்டால் குழப்பம் தீரும்: 1962 இல் சுழற்றி ஏற்றும் கண்ணாடிகளோடு வந்த அதே நிறுவனத்தின் எம்.ஜி.பி.யைப் பலர் ரோட்ஸ்டர் என்றாலும், அதைத் தயாரித்தவர்களே டூரர் (பயணக் கார்) என்றுதான் பெயரிட்டனர். தமிழில் அது மடிகூரைப் பக்கமே சேரும்.