இருபது லிட்டர் கேனும் கால்வரை இறங்கும் வலியும்

சென்னையில் பல வீடுகளில் குடிதண்ணீர் என்றால் கேன்தான். 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ; கேனின் எடை தனி. வாசலில் வைத்துவிட்டுப் போன கேனைக் குனிந்து எடுத்து, இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, உடம்பைத் திருப்பிக் கவிழ்க்க வேண்டும். குனிவது, சுமப்பது, திரும்புவது மூன்றும் அந்தப் பத்து நொடிக்குள் சேர்ந்து வருகின்றன. ‘கேனைத் தூக்கினேன், பிடிச்சுக்கிச்சு’ என்று பலர் சொல்வதில் வியப்பில்லை.

அந்தப் பத்து நொடியில் உள்ளே நடப்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் உல்ம் பல்கலைக்கழகத்தினர் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. 45 வயது, 70 கிலோ எடையுள்ள ஒருவரின் கீழ் முதுகு டிஸ்க்கில், அதாவது இரண்டு முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டில், அழுத்தமானியைச் செருகி அளந்தார்கள். ஆள் ஒருவர்தான், ஆனால் அளவு நேரடியானது. படுத்திருந்தபோது அழுத்தம் 0.1 மெகாபாஸ்கல், நின்றபோது 0.5. 20 கிலோ சுமையை முதுகை வளைத்துத் தூக்கியபோது 2.3. முழங்காலை மடக்கித் தூக்கியபோது 1.7. சுமையை உடம்போடு அணைத்துப் பிடித்து நின்றபோது 1.1. கார் டயரில் நாம் அடிக்கும் காற்று ஏறக்குறைய 0.2 மெகாபாஸ்கல், கேனைத் தப்பாகத் தூக்கினால் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல்.

‘டிஸ்க் விலகிடுச்சு’ என்பது வழக்கு. உண்மையில் எதுவும் விலகுவதில்லை. டிஸ்க் தன் மேலும் கீழும் உள்ள எலும்புகளோடு கெட்டியாக ஒட்டியிருக்கிறது. வெங்காயத் தோல்போல் அடுக்கடுக்கான நார் வளையங்கள் வெளியே, கூழ் உள்ளே. வருடக்கணக்கில் வளைந்து வளைந்து நார்களில் விரிசல் விழும்போது, பின்பக்க ஓரமாகக் கூழ் பிதுங்குகிறது. காலுக்குப் போகும் நரம்பு வேர்கள் அந்த ஓரத்தை ஒட்டித்தான் இறங்குகின்றன. நான்காம் இடுப்பு எலும்பு முதல் அதற்குக் கீழே இடுப்பின் அடியில் உள்ள மூன்றாம் திரிக எலும்பு வரை கிளம்பும் ஐந்து வேர்கள் பிட்டத்துக்குள் ஒன்றுசேர்ந்து, உடம்பிலேயே தடித்த நரம்பாகித் தொடையின் பின்பக்கம் வழியே இறங்குகின்றன. அதுதான் சயாட்டிக் நரம்பு. அதன் வழியே காலுக்கு இறங்கும் வலிதான் சயாட்டிகா. கோளாறு இடுப்பில் இருக்க, வலி கெண்டைக்காலில் தெரிவது இதனால்தான். பிதுங்கிய டிஸ்க்குக்கும் கால் வலிக்கும் உள்ள தொடர்பை மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு அமெரிக்க அறுவை மருத்துவர்கள் 1934-ல் தெளிவாக எழுதினார்கள்.

நசுங்குவது மட்டுமே காரணம் என்றால் பெரிய பிதுக்கம் பெரிய வலி தர வேண்டும். அப்படி நடப்பதில்லை. கூழுக்கு ரத்த ஓட்டம் கிடையாது. உடம்பின் நோய் எதிர்ப்பு அணுக்கள் அதைப் பார்த்துப் பழகியதில்லை. வெளியே கசிந்ததும் அந்நியப் பொருள் வந்துவிட்டதாக நினைத்து அழற்சியைக் கிளப்புகின்றன. அந்த அழற்சி நரம்பு வேரில் தீப்பற்றியதுபோல் எரிச்சலை உண்டாக்குகிறது. வலியைத் தரும் இதே வேலைதான் குணத்தையும் தருகிறது. வந்த அணுக்கள் கசிந்த கூழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கின்றன. ஓரத்தில் லேசாகப் புடைத்திருப்பதைவிட, முழுவதும் பிய்த்துக்கொண்டு வெளியே வந்த துண்டு சுருங்கும் வாய்ப்பு அதிகம். ரிப்போர்ட்டில் மிகப் பயங்கரமாகத் தெரிவதுதான் பெரும்பாலும் நன்றாகக் கரைகிறது. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் கால் வலி கணிசமாக இறங்குவதன் பின்னணி இது.

அதுவரை என்ன செய்வது? முதலில் வலியைப் படிக்கப் பழக வேண்டும். எவ்வளவு வலிக்கிறது என்பதைவிட எதுவரை வலிக்கிறது என்பதுதான் கேள்வி. ஐந்தாம் இடுப்பு வேர் என்றால் கெண்டைக்காலின் வெளிப்பக்கமாக இறங்கிப் பாதத்தின் மேற்புறம், கட்டைவிரல் வரை மரமரக்கும். குதிகாலில் நடப்பது கஷ்டம். அதற்குக் கீழுள்ள வேர் என்றால் சுண்டுவிரல் பக்கம். நுனிக்காலில் எக்கி நிற்க முடியாது. மல்லாந்து படுத்து, வேறொருவர் உங்கள் காலை மடக்காமல் மெதுவாகத் தூக்கும்போது 30 முதல் 70 டிகிரிக்குள் முழங்காலுக்குக் கீழே மின்னல்போல் இழுத்தால் நரம்பு வேர் சம்பந்தப்பட்டிருக்கிறது. நல்ல காலைத் தூக்கும்போது கெட்ட கால் வலித்தால் சந்தேகம் இன்னும் உறுதியாகிறது.

இதே அளவுகோல்தான் பயிற்சிக்கும். 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கன்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் கால் வலியோடு ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த கட்டிலில், யாரும் கவனிக்காமல், அவர் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்தபடி சில நிமிடம் கிடந்தார். எழுந்தபோது கால் வலி இல்லை, இடுப்பு வலி மட்டுமே இருந்தது. வலி காலிலிருந்து மேலேறி இடுப்புக்குச் சுருங்குவது நல்ல அறிகுறி என்ற கருத்து அங்கிருந்து வளர்ந்தது.

செய்முறை எளிது. பாயில் குப்புறப் படுத்து 2 நிமிடம். முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கியபடி இன்னும் 2 நிமிடம். பிறகு உள்ளங்கையை ஊன்றி மேலுடம்பை மட்டும் உயர்த்த வேண்டும். இடுப்பு பாயை விட்டு எழக்கூடாது, பிட்டம் தளர்ந்திருக்க வேண்டும். 10 முறை, 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கும், அங்கிருந்து தொடைக்கும் ஏறினால், இடுப்பில் கொஞ்சம் கூடினாலும் தொடரலாம். கீழே இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இந்தத் திசை உங்களுக்கு ஆகாது. இடுப்பைப் பிட்டத்தின் தசையால் தூக்குவதும், ‘வலித்தால்தான் வேலை செய்யும்’ என்று முழங்காலுக்குக் கீழே இறங்கும் வலியோடு மல்லுக்கட்டுவதும் அடிக்கடி நடக்கும் தப்புகள்.

அறுபதைத் தாண்டியவர்கள் இங்கே கவனிக்க வேண்டும். பாண்டி பஜாரில் நாலு கடை தாண்டினால் கால் கனத்துப்போகிறது, பெஞ்சில் உட்கார்ந்தால் சரியாகிறது, சூப்பர் மார்க்கெட்டில் டிராலியின் மேல் சாய்ந்து தள்ளினால் எவ்வளவு தூரமும் நடக்க முடிகிறது என்றால், அது பெரும்பாலும் முதுகெலும்புக்குள் நரம்புகள் இறங்கும் தண்டுவடக் கால்வாய் குறுகியதால் வருவது. அவர்களுக்கு முன்னால் குனிந்தால் சுகம், பின்னால் வளைந்தால் வேதனை. மேலே சொன்ன பயிற்சி அவர்களுக்கு நேர் எதிராக வேலை செய்யும். இரண்டு பாதமும் சாக்ஸ் போட்டதுபோல் ஒரே மாதிரி மரத்தால் அது சயாட்டிகாவே இல்லாமல் இருக்கலாம். சர்க்கரையோ, அதற்கான மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுப்பதால் வரும் பி12 குறைபாடோ காரணமாகலாம். ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

காலை நேரத்துக்குத் தனிக் கணக்கு. இரவு முழுக்க டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. உல்ம் அளவீட்டில் தூங்கிய 7 மணி நேரத்தில் உள்ளழுத்தம் 0.1-லிருந்து 0.24-க்கு ஏறியது. காலையில் நாம் சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பதும் இதனால்தான். அந்தக் கூடுதலில் பாதிக்கு மேல் முதல் ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். ஆனால் வடியும் முன் குனிந்தால், உப்பிய டிஸ்க்கின் பின்பக்க நார்கள் இழுபடுகின்றன. எழுந்ததும் வாசல் தெளித்து, காலை மடக்காமல் இடுப்பை மட்டும் வளைத்துக் கோலம் போடுவதும், மார்கழி என்றால் அரை மணி நேரம் அதே நிலையில் நிற்பதும் டிஸ்க்குக்கு மிகச் சிக்கலான வேளையில் நடக்கின்றன. அதிகாலையில் குனிவதைக் குறைத்ததாலேயே நாள்பட்ட முதுகு வலிக்காரர்களின் வலி நாட்கள் குறைந்ததாக 1998-ல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. கோலத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். முக்காலியில் உட்கார்ந்து போடலாம். குனிந்து பல் தேய்ப்பது, குளியலறையில் தரையிலிருந்து வாளி தூக்குவது எல்லாம் இதே கணக்கில் வரும்.

நல்லது என்று நினைத்துச் செய்து வலியை நீட்டிக்கொள்ளும் இன்னொன்று, காலை நீட்டி விரலைத் தொடும் பயிற்சி. தொடையின் பின்பக்கம் இழுப்பதால் ‘தசை இறுகிப்போச்சு’ என்று தோன்றும். காலைத் தூக்கிய நிலையில் பாத விரல்களைத் தன் பக்கம் இழுத்துப் பாருங்கள். வலி கூடினால் இழுபடுவது நரம்புதான். எரிச்சலில் இருக்கும் நரம்புக்கு இழுவை ஆகாது, வழுக்கிப் போவது ஆகும். நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலை நீட்டும்போது தலையை நிமிர்த்துங்கள், மடக்கும்போது தாடையைத் தாழ்த்துங்கள். நரம்பின் ஒரு முனை இழுபடும்போது மறுமுனை தளர்வதால் அது உறைக்குள் முன்னும் பின்னும் நகர்கிறது. 10 முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை போதும். மரமரப்பு கூடுவதற்கு முன்னமே நிறுத்திவிட வேண்டும். பின் பாக்கெட்டில் தடித்த பர்ஸோடு ஸ்கூட்டர் ஓட்டுகிறவர்கள் முதலில் அதை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துப் பார்க்கலாம். பிட்டத்தில் நரம்பு நசுங்குவது சிலருக்கு அதனாலேயே.

எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டைப் பார்த்துப் பலருக்குத் தூக்கம் போகிறது. எந்த வலியும் இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைத் தொகுத்து 2015-ல் வந்த ஆய்வில், 20 வயதினரில் 30 சதவீதம் பேருக்கும், 50 வயதினரில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. ரிப்போர்ட்டில் இருக்கும் வரிகள் நரை முடியைப் போன்றவை. எந்த வேரில் அறிகுறி இருக்கிறதோ, அதே வேரில் ஸ்கேனும் காட்டினால்தான் அதற்கு அர்த்தம்.

மாத்திரைகளில், நரம்பு வலிக்கான பிரீகாபலின் பரவலாக எழுதப்படுகிறது. 2017-ல் சிட்னியிலிருந்து வெளியான ஆய்வில் சயாட்டிகா கால் வலியை அது வெற்று மாத்திரையைவிடக் குறைக்கவில்லை. தலைச்சுற்றல் மட்டும் கூடியது. ஏற்கெனவே எடுப்பவர்கள் சட்டென்று நிறுத்தக்கூடாது, டாக்டரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகள் சில நாளுக்கு உதவும். சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாங்களாக வாங்கிப் போடுவது ஆபத்து. இடுப்பு பெல்ட், முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் இரண்டையும் நாள்பட்ட முதுகு வலிக்குப் பரிந்துரைக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் சொல்லிவிட்டது. சென்னையில் தெருவுக்குத் தெரு இரண்டும் இன்னும் நடக்கின்றன.

மூன்று மாதத்தைத் தாண்டிய வலி வேறு ஜாதி. டிஸ்க் ஆறியிருக்கும், ஆனால் நரம்பு மண்டலம், பூனை நடந்தாலே அலறும் கார் அலாரம் போல ஆகியிருக்கும். தூக்கமின்மை, பயம், அசையாமல் கிடப்பது எல்லாம் அலாரத்தைக் கூட்டுகின்றன. நல்ல நாள் பார்த்துப் போகிப் பண்டிகைபோல் வீட்டையே ஒழித்துச் சுத்தம் செய்துவிட்டு, மூன்று நாள் படுத்துக் கிடப்பது இதில் மிகப் பெரிய பொறி. எவ்வளவு முடியுமோ அதில் ஐந்தில் நான்கு பங்கோடு நிறுத்துங்கள், நல்ல நாளிலும் கெட்ட நாளிலும் அதே அளவு. நடையில் இதைப் பழகுவது எளிது. 2024-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், படிப்படியாக வாரம் 5 நாள், 30 நிமிடம் என்ற இலக்கை நோக்கி நடந்தவர்களுக்கு முதுகு வலி திரும்பி வர நடுக்கணக்காக (பாதிப் பேருக்கு அதற்கு முன், மீதிப் பேருக்கு அதற்குப் பின்) 208 நாள் ஆனது. நடக்காதவர்களுக்கு 112 நாள். 5 நிமிடத்தில் தொடங்கி, வாரத்துக்கு 2 அல்லது 3 நிமிடம் கூட்டலாம். மெரினாவில் என்றால் மணலில் கால் புதைய வேண்டாம், நடைபாதையே போதும். ஏழு மணிக்கு முன்னால் போனால் வெயிலும் தொல்லை தராது.

ஆபீசில் உட்காரும் நேரத்தைப் பற்றி ஒரு சொல்: விலை உயர்ந்த நாற்காலியைவிட, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நிற்பது மேல். உல்ம் அளவீட்டில் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோது அழுத்தம் நிற்பதைவிடக் குறைவாகவே இருந்தது. கெடுதல் அசையாமல் இருப்பதில்.

எதற்கும் காத்திருக்கக்கூடாத சில உண்டு. சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது தெரியாமலே போவது, மலம் கட்டுப்படாமல் போவது, இரண்டு காலும் பலவீனமாவது: அன்றைக்கே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தாமதித்தால் சிறுநீர்ப்பையின் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுவது, பாதம் தரையில் இடறுவது தெரிந்தாலும் ஒன்றிரண்டு நாளுக்குள் காட்ட வேண்டும். அந்த நிலையில் சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரும் முறுக்க விடக்கூடாது. மாலைக் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் அடங்காத வலி என்றால் நம் ஊரில் முதுகெலும்புக் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது.

இவை எதுவும் இல்லாமல், ஆறேழு வாரத்துக்குப் பிறகும் கால் வலி தாங்க முடியவில்லை என்றால் அறுவை ஒரு நியாயமான வழி. 2007-ல் வந்த நெதர்லாந்து ஆய்வில், சீக்கிரம் அறுவை செய்துகொண்டவர்களுக்குக் கால் வலி வேகமாக இறங்கியது; ஆனால் ஒரு வருட முடிவில் காத்திருந்தவர்களும் ஏறக்குறைய அதே நிலைக்கு வந்திருந்தார்கள், காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் இடையில் அறுவைக்குப் போனார்கள். அறுவை தீர்ப்பது கால் வலியை. இடுப்பு வலிக்காக மட்டும் அதைச் செய்துகொள்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

கேனுக்குத் திரும்பினால், வலி உள்ள வாரங்களில் அதைத் தூக்கவே வேண்டாம். தரையிலேயே வைத்து, வாயில் கைப்பம்பை மாட்டிக் குடத்தில் அடித்துக்கொள்ளலாம். கால் வலி அடங்கி, குனிந்து நிமிர இழுப்பு இல்லாமலானபின் 5 லிட்டர் கேனில் தொடங்கலாம். காலை விரித்து, கேனுக்கு மிக அருகில் நின்று, முழங்காலையும் இடுப்புப் பூட்டையும் மடக்கி, வயிற்றோடு அணைத்து எழ வேண்டும். திரும்ப வேண்டியிருந்தால் பாதங்களை நகர்த்தித் திரும்ப வேண்டும். மறுநாள் கால் வலி கீழே இறங்கியிருந்தால் அளவு அதிகம். அதே இடத்திலோ மேலேயோ இருந்தால் இரண்டு வாரம் கழித்து 10 லிட்டர். 20-க்கு வந்த பிறகும் தரையிலிருந்து நேராக டிஸ்பென்சருக்குத் தூக்காமல், முதலில் ஒரு நாற்காலியில் வைத்து, மூச்சு விட்டு, அங்கிருந்து கவிழ்ப்பது நல்லது. கொண்டுவரும் தம்பியிடம் ‘மேலேயே மாட்டிட்டுப் போப்பா’ என்று கேட்டாலும் போதும்.