காசை நிறுத்தினால் பிள்ளை வராது, வாரண்ட்தான் வரும்

"பிள்ளையைக் கண்ணுலயே காட்டல மேடம், அதான் காசை நிறுத்திட்டேன்." ஊட்டியில் குடும்ப வழக்கு நடத்தும் எந்த வக்கீலும் இதைக் கேட்காத மாதம் இருக்காது. போன வாரம் வந்தவருக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை (அடையாளத்தை மாற்றித்தான் எழுதுகிறேன்). மனைவியும் ஏழு வயது மகளும் கோத்தகிரிப் பக்கம், மாமனார் வீட்டில். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பவில்லையாம். மச்சான் முறையில் ஒருவர் யோசனை சொல்லியிருக்கிறார்: "காசை நிறுத்து, தானா பிள்ளையைத் தூக்கிட்டு வருவாங்க." வந்தது, நிறுத்திய ஜீவனாம்சத்தைக் கேட்டுப் பாக்கி மனு. வாய்தாவுக்கும் போகவில்லை, பின்னாலேயே வாரண்ட்.

இந்த மச்சான்மார்கள் எந்தக் காலேஜில் சட்டம் படித்தார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஜீவனாம்சம் பிள்ளையைப் பார்ப்பதற்கான டிக்கெட் இல்லை. அது பிள்ளையின் சாப்பாடு, ஸ்கூல் ஃபீஸ், இந்தக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டர். பார்க்க விடவில்லை என்பதால் பிள்ளைக்குப் பசிக்காமல் போகாது. கோர்ட்டிலும் இவை இரண்டும் வேறு வேறு மனு. ஜீவனாம்சம் முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 144. பிள்ளையைப் பார்க்க அனுமதி கேட்பது 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டத்தில், அல்லது விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால் இந்து திருமணச் சட்டம் 26இல். அந்த மனுவில் உள்ள மனக்குறை இந்த மனுவில் பதிலாகாது. "பிள்ளையைக் காட்டவில்லை" என்று பாக்கி மனுவுக்கு எதிருரை போட்டால், "சரி, பாக்கி எவ்வளவு?" என்றுதான் மேலே இருந்து கேட்பார்கள். "அவளுக்குத்தான் எஸ்டேட்ல வேலை இருக்கே" என்பதும் அப்படித்தான். தாயின் வருமானத்தைக் கோர்ட் கணக்கில் எடுக்கும், ஆனால் அதற்காக உங்கள் பங்கு பூஜ்யம் ஆகிவிடாது.

இன்னொரு கதையும் மலை முழுக்க ஓடுகிறது: உள்ளே போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்தால் பாக்கி கழிந்துவிடும் என்று. கழியாது. சிறை என்பது கட்ட வைப்பதற்கான வழி, கட்டியதற்குச் சமம் இல்லை. உச்ச நீதிமன்றம் 1989இலேயே இதைச் சொல்லி முடித்துவிட்டது.

இதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. நாளைக்கு நீங்களே பிள்ளையைப் பார்க்க மனு போடும்போது, எட்டு மாதப் பாக்கியை எதிர்த்தரப்பு வக்கீல் முதல் காகிதமாக நீட்டுவார். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்வேன்.

காட்டவில்லையா? அன்றைக்கே தேதி, நேரம் போட்டு ஒரு மெசேஜ் அனுப்புங்கள். திட்டாமல். "10 மணிக்கு வந்தேன், 1 மணி வரை இருந்தேன், பாப்பா வரவில்லை" என்றால் போதும். உத்தரவு இருந்தால் அதை மீறியதாக மனு போடலாம், இல்லையென்றால் இடைக்கால உத்தரவு கேட்கலாம். பணம் மட்டும் நிற்கக் கூடாது. பேங்க்கிலோ ஜிபேயிலோ போடுங்கள், குறிப்பில் மாதத்தையும் "மகள் ஜீவனாம்சம்" என்றும் எழுதுங்கள். பக்கத்து வீட்டு அக்கா கையில் கொடுத்தனுப்பிய ரொக்கத்துக்கு சாட்சி சொல்ல அந்த அக்கா வர மாட்டார். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஜெர்கினும் சைக்கிளும், உத்தரவில் சொல்லாதவரை, கணக்கில் கழியாது. வேலை போய்விட்டதென்றால் தொகையைக் குறைக்கக் கேட்டு அதே பி.என்.எஸ்.எஸ். 146இல் மனு போடுங்கள். நீங்களாகவே பாதியாக்கிக்கொள்ளாதீர்கள்.

அம்மாக்களே, உங்களுக்கும் இதேதான். "காசு வரல, அதான் அனுப்பல" என்பதும் அதே தப்பு. பணம் வரவில்லை என்றால் பாக்கி மனு போடுங்கள். அதுவும் தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள். "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் பழைய பாக்கிக்கு வாரண்ட் கேட்க முடியாது. குடித்துவிட்டு வருகிறார், அடிப்பார் என்ற பயம் இருந்தால் அது வேறு விஷயம். அதைக் கோர்ட்டில் வெளிப்படையாகச் சொல்லி, ஒருவர் உடனிருந்தே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இல்லாத காய்ச்சலைக் கண்டுபிடிக்காதீர்கள். வக்கீல் ஃபீஸுக்கு வழியில்லை என்றால் 15100க்கு போன் செய்யுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு.

உத்தரவு வாங்கும்போதே இந்த மலையை மனதில் வைத்துக் கேளுங்கள். "ஞாயிறு காலை 10 மணி, ஊட்டி" என்று எழுதி வாங்கிவிடுவார்கள். பிள்ளை இருப்பது பந்தலூரில். 70 கிலோமீட்டருக்கு மேல், கூடலூர் வந்து நடுவட்டம் வளைவெல்லாம் ஏறி, பிள்ளை இரண்டு தடவை வாந்தி எடுத்து, முகம் வெளுத்து வந்து இறங்கும். அப்பா ஆசையாக வாங்கி வைத்த கேக்கைத் தொடக்கூட மாட்டாள். "என்னைப் பிடிக்கலன்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்று அவர் என்னிடம் வந்து அழுவார். அவளுக்குப் பிடிக்காதது பஸ் சார். கூடலூரிலேயே ஓர் இடம் கேளுங்கள், நீங்கள் பயணம் செய்யுங்கள். சீசனில் வெளியூரிலிருந்து காரில் வருகிறவர்கள் நீலகிரிக்குள் வர இ-பாஸ் முந்தின நாளே எடுங்கள். மலையடிவாரத்தில் கல்லாறு செக்போஸ்டில் நின்றுகொண்டு எனக்கு போன் செய்து பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மண் சரிந்து ரோடு அடைத்தால் என்ன செய்வது? "தவறினால் அடுத்த ஞாயிறு" என்ற ஒரு வரியை உத்தரவில் கேட்டு வாங்குங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் வந்த சண்டைகள் கொஞ்சநஞ்சம் இல்லை.

நேரில் பார்க்க முடியாத நாட்களுக்கு போன் இருக்கிறது. பிள்ளை தன்னிடம் இல்லாத பெற்றோர், தனிக் காரணம் எதுவும் இல்லாவிட்டால், தினமும் 5 முதல் 10 நிமிடம் பிள்ளையோடு பேச வழி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது. எஸ்டேட் லைன் வீடுகளில் சிக்னல் எப்போது கிடைக்கும் என்று கேட்டு அந்த நேரத்தை நிர்ணயித்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் "வீட்டுக்கு யார் யார் வர்றாங்க, அம்மா யார்கிட்ட பேசுறாங்க" என்று விசாரணை நடத்த வேண்டாம், ப்ளீஸ். மத்தியானம் என்ன சாப்பிட்டாள், கணக்கு மிஸ் திட்டினார்களா என்று கேளுங்கள். நாளைக்கும் அவளே போனை எடுப்பாள்.