எப்போது கை வைக்கக் கூடாது: கட்டுப்பாட்டு வரைபடம் இயங்கும் விதம்

லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுகளைக் கடைந்துகொண்டிருக்கும் ஆபரேட்டர் ஒருவர், ஒரு தண்டை எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்கிறார், 20.010 காட்டுகிறது. பத்து மைக்ரான், அதாவது 0.010 மில்லிமீட்டர், கூடியிருக்கிறதே என்று, வெட்டும் கருவியின் நிலையைத் திருத்தும் டூல் ஆஃப்செட்டில் அதே பத்தைக் குறைத்துவிட்டு அடுத்த தண்டை ஓட்டுகிறார். பொறுப்பான வேலை என்றுதான் எவருக்கும் தோன்றும். ஆனால் இயந்திரம் சரியாகவே ஓடிக்கொண்டிருந்து, அந்தப் பத்து மைக்ரான் அதன் இயல்பான ஏற்ற இறக்கமாக மட்டுமே இருந்தால், ஒவ்வொரு தண்டுக்கும் இப்படித் திருத்துவது விட்டத்தின் சிதறலைக் குறைக்காமல் கூட்டிவிடும். அடுத்த தண்டு தனக்கே உரிய பிழையோடு, முந்தைய தண்டின் பிழையைத் தலைகீழாகவும் சுமந்துகொண்டு வரும். அதனால் சிதறலை அளக்கும் மாறுபாட்டெண் இரண்டு மடங்காகி, அதன் வர்க்கமூலமான திட்ட விலக்கம் சுமார் 41 சதவீதம் உயரும். 1950-இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்குத் தரக்கட்டுப்பாட்டைக் கற்பித்த அமெரிக்கப் புள்ளியியலாளர் டெமிங், தம் பிற்காலப் பயிலரங்குகளில் ஒரு புனலையும் கோலிக்குண்டையும் வைத்துக்கொண்டு இதைத்தான் செய்து காட்டினார்: குண்டு குறி தவறிய ஒவ்வொரு முறையும் புனலை நகர்த்தினால், நகர்த்தாமல் விட்டதைவிட அதிகமாகச் சிதறுகிறது.

அப்படியானால் எந்த விலகலுக்குக் கை வைக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்? சிகாகோவுக்கு அருகில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாதார்ன் ஆலையில் தொலைபேசிக் கருவிகள் தயாரான காலத்தில், வால்டர் ஷூஹார்ட் என்ற இயற்பியலாளர் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். 1924 மே 16 அன்று அவர் தம் மேலதிகாரிக்கு எழுதிய குறிப்பு ஏறத்தாழ ஒரு பக்கமே. அதிலும் மூன்றில் ஒரு பங்கை ஒரு படம் அடைத்துக்கொண்டது. அதுவே முதல் கட்டுப்பாட்டு வரைபடம்: அளவீடுகளை வரிசையாகப் புள்ளிகளாகக் குறித்து, இயல்பான ஏற்ற இறக்கத்தின் எல்லைகளைக் கோடுகளாகக் காட்டும் படம். எந்தச் செயல்முறையிலும் எப்போதும் இருக்கும் எண்ணற்ற சிறு காரணங்களால் வரும் மாறுபாடு ஒன்று. தேய்ந்த டூல், தளர்ந்த பேரிங், மாறிப்போன மூலப்பொருள் எனத் தேடிப்பிடிக்கக்கூடிய காரணத்தால் வருவது மற்றொன்று. இரண்டையும் பிரிக்கும் கோட்டை ஆலையின் அளவீடுகளிலிருந்தே வரையலாம் என்பதே அவர் கண்ட வழி.

கணக்கை நம் லேத்திலேயே போட்டுப் பார்க்கலாம். மணிக்கு ஒருமுறை, அடுத்தடுத்து வரும் ஐந்து தண்டுகளை அளந்து, அவற்றின் சராசரியை ஒரு வரைபடத்திலும், பெரிய அளவுக்கும் சிறிய அளவுக்குமான வித்தியாசத்தை, அதாவது வீச்சை, இன்னொன்றிலும் குறிக்கிறோம். இருபத்தைந்து மாதிரிகள் சேர்ந்தபின் சராசரிகளின் சராசரி 20.002, வீச்சுகளின் சராசரி 0.012 என்று கொள்வோம். ஐந்து தண்டுகள் கொண்ட மாதிரிக்கு, சராசரி வீச்சிலிருந்து எல்லையின் தொலைவைத் தரும் மாறிலி 0.577, அதை 0.012-ஆல் பெருக்கினால் 0.007. ஆகவே நடுக்கோடு 20.002, மேல் எல்லை 20.009, கீழ் எல்லை 19.995. வீச்சின் மேல் எல்லை சராசரி வீச்சின் 2.114 மடங்கு, அதாவது 0.025. டூல் தேய்ந்தால் சராசரிப் புள்ளிகள் மெல்ல மேலேறும். பிடிமானம் தளர்ந்தால் சராசரி அசையாமலேயே வீச்சு எகிறும்.

இந்த எல்லைகள் நடுக்கோட்டிலிருந்து, மாதிரிச் சராசரிகளின் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் நிற்பவை. ஏன் மூன்று? அளவுகள், நடுவில் குவிந்து இருபுறமும் சரியும் மணி வடிவ இயல்நிலைப் பரவலைப் பின்பற்றினால், எந்தக் கோளாறும் இல்லாதபோது ஒரு புள்ளி வெளியே விழுவது 370 மாதிரிகளுக்கு ஒருமுறைதான். மணிக்கொரு மாதிரி எடுத்து இரவு பகலாக ஓட்டினால் பதினைந்து நாளுக்கு ஒரு பொய் எச்சரிக்கை. இரண்டாகக் குறைத்தால் 22 மாதிரிகளுக்கு ஒன்று, ஏறக்குறைய தினம் ஒரு பொய். ஒரே வாரத்தில் அந்தப் படத்தை யாரும் மதிக்க மாட்டார்கள்.

இதற்கு விலையும் உண்டு. சராசரி 5 மைக்ரான் நகர்ந்துவிட்டாலும், அடுத்த மாதிரியிலேயே அது எல்லை தாண்டும் வாய்ப்பு நான்கில் ஒன்றுக்கும் குறைவு. அதனால்தான் எல்லைக்குள்ளேயே இருந்தாலும், அடுத்தடுத்த எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் விழுந்தால் அதையும் எச்சரிக்கையாகக் கொள்ளும் விதி வந்தது.

வாடிக்கையாளர் அனுமதிக்கும் அளவை, உதாரணமாக 20-க்கு இருபுறமும் 25 மைக்ரானை, இதே படத்தில் கோடாகப் போடுவது பரவலான தவறு. அந்த அளவு ஒவ்வொரு தண்டுக்கும் உரியது; படத்திலுள்ள புள்ளியோ ஐந்தின் சராசரி. தவிரவும், வாடிக்கையாளர் என்ன கேட்கிறார் என்பது இயந்திரத்துக்குத் தெரியாது. இயந்திரத்தால் இயல்பாக என்ன முடியும் என்பதை மட்டுமே கட்டுப்பாட்டு எல்லைகள் சொல்கின்றன.

புள்ளிகள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருப்பதும் ஓர் எச்சரிக்கையே. பதினைந்து புள்ளிகள் தொடர்ந்து நடுக்கோட்டை ஒட்டியே நின்றால் அது நற்செய்தி அன்று. ஒரே மாதிரிக்குள் இரண்டு வேறு இயந்திரங்களின் தண்டுகள் கலந்து, வீச்சு பெருத்து, எல்லைகள் தேவைக்கு மேல் விரிந்திருக்கலாம். அல்லது அந்தத் தாள் ஷிப்ட் முடியும் நேரத்தில், மைக்ரோமீட்டரைத் தொடாமலே, ஒரே பேனாவால் நிரப்பப்பட்டிருக்கலாம்.