குளக்கட்டின் கீழே ஒரு துண்டுக் காடு

வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "குளத்துக்குக் கீழே இருக்கிற பற்றையை வெட்டினால் இன்னும் அரை ஏக்கர் விதைக்கலாம். அதை ஏன் காடாக விடச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. குளத்தை ஒட்டிய முதல் வயலைக் கோடையில் போய்ப் பாருங்கள். சில இடங்களில் மண் வெள்ளையாகப் பூத்திருக்கும். அது உப்பு.

வன்னியில் மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில் பெய்து முடிந்துவிடும். அதைத் தேக்கத்தான் குளங்கள், சரி. ஆனால் மண்கட்டு எதுவும் நீரை முழுக்க மறிக்காது. கட்டின் அடியால் கசிகிற நீர் மண்ணிலுள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு பள்ளத்து வயலின் கீழே போய் நிற்கும்.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, களிமண்ணின் நுண்ணிய இடுக்குகள் நிலத்தடி நீரை மேலே இழுக்கின்றன. வெயிலில் நீர் ஆவியாகிவிடும். உப்பு மேல்மண்ணில் தங்கிவிடும். நாளுக்கு நாள் அது சேரச் சேர, மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாது. தண்ணீரில் நின்றபடியே பயிர் தாகத்தில் வாடும். மண்ணின் உவரை, அதன் ஈரம் மின்சாரத்தைக் கடத்தும் அளவை வைத்து, டெசிசீமன்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். அது மீற்றருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் நூற்றுக்கு ஏறத்தாழ 12 பங்கு போய்விடும். பூக்கும் நேரத்தில் உப்பு ஏறினால் கதிர் வரும், உள்ளே பதர்தான்.

கட்டுக்கும் வயலுக்கும் நடுவே மருது, இலுப்பை, புங்கு, தாழை நின்றால் கசிவுநீரை அவை வழியிலேயே குடித்து இலைவழியே காற்றில் விட்டுவிடும். வயலடி நீர்மட்டம் இறங்கும். திரிக்கு எண்ணெய் எட்டாது. மரம் உப்பைத் தின்றுவிடுகிறது என்பார்கள். அதன் பெரிய வேலை இந்த நீர்மட்டத்தை இறக்குவதுதான். அனுராதபுரப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களில் இந்தத் துண்டுக் காட்டுக்குக் 'கட்டகடுவ' என்று தனிப்பெயரே உண்டு.

குளத் திருத்தம் என்றால் கட்டு, துருசு (நீர் திறக்கும் மதகு), கொங்கிறீற் என்று மட்டுமே கணக்குப் போடுகிறோம். மரக்கன்றுக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அரை ஏக்கரை விட்டுவிடுங்கள், ஐயா. கட்டின்மேல் மட்டும் நட வேண்டாம். பட்டுப்போன வேர் துளையாகி நீர் வழி பிடித்துவிடும். சற்றுத் தள்ளி, மாரி தொடங்கும்போது மருதங்கன்று வையுங்கள். அப்புறம் மாடு கடிக்காமல் அலம்பல் வேலி போடுங்கள்.