சுவரில் இருக்கும் ரோஜா ஏன் வெளுக்கிறது?

வாஷிங்டனில் உள்ள தேசியக் கலைக்கூடத்தில் வின்சென்ட் வான்கோ 1890 மே மாதம் வரைந்த ஒரு ரோஜா ஓவியம் இருக்கிறது. பசுமையான பின்னணியில், குடுவை கொள்ளாமல் சரிந்து கிடக்கும் வெள்ளை ரோஜாக்கள். பார்க்கிறவர்கள் அவர் வெள்ளை ரோஜாக்களையே வரைந்தார் என்று எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அவர் வரைந்தவை இளஞ்சிவப்பு ரோஜாக்கள். அதே மாதம் வரைந்து, இப்போது ஆம்ஸ்டர்டாமில் இருக்கும் ஐரிஸ் மலர்களுக்கும் இதே கதிதான். மஞ்சள் பின்னணியில் ஊதா நிறத்தில் நின்ற மலர்கள் இன்று நீலமாக நிற்கின்றன. நீலத்தோடு சிவப்பைக் கலந்து அவர் ஊதாவை உண்டாக்கினார். சிவப்பு போய்விட்டது, நீலம் தங்கிவிட்டது.

காணாமல் போன அந்தச் சிவப்பின் மூலப்பொருள் இயோசின் என்ற செயற்கைச் சாயம். 1870களில் சந்தைக்கு வந்த புதுச் சரக்கு அது. அதை அலுமினியச் சேர்மத்தின் மீது படிய வைத்து, ஜெரானியம் சிவப்பு என்ற பெயரில் ஓவிய வண்ணமாக விற்றார்கள். இந்த நிறங்கள் நிலைக்காது என்பது வான்கோவுக்குத் தெரியும். காலம் எப்படியும் அவற்றைத் தணித்துவிடும், ஆகவே இப்போதே அடர்த்தியாகப் பூச வேண்டும் என்ற பொருளில் 1888இல் தம்பி தியோவுக்கு எழுதியும் இருக்கிறார். அந்தக் கணக்கையும் ஒளி வென்றுவிட்டது.

வீட்டில் பூ ஓவியம் மாட்ட விரும்புகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மலையையும் மண்ணையும் வரைய காவி, செம்மண் போன்ற இரும்பு ஆக்சைடு நிறமிகள் போதும். குகை ஓவியங்களில் பல்லாயிரம் ஆண்டுகள் தாங்கிய நிறமிகள் அவை. இதழின் இளஞ்சிவப்புக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் அவை போதாது. பிரகாசமான கரிமச் சாயங்களைத்தான் ஓவியர் தேட வேண்டியிருக்கிறது. அவற்றில் பல, ஒளிக்கு முதலில் பலியாகிறவை. ஆகவே மற்ற எந்த ஓவியத்தையும்விட, பூ ஓவியத்துக்குச் சுவரைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

ஒளி எப்படி நிறத்தை அழிக்கிறது? ஒரு சாயம் நிறமாகத் தெரிவதற்குக் காரணம், வெள்ளொளியின் ஒரு பகுதியை அது விழுங்கிக்கொள்வது. இயோசின் பச்சை ஒளியை விழுங்குகிறது. எஞ்சியது நமக்குச் சிவப்பாகத் தெரிகிறது. விழுங்கிய ஒளியின் ஆற்றல் மூலக்கூறில் உள்ள ஓர் எலக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கிவிடுகிறது. பெரும்பாலும் அந்த ஆற்றல் வெப்பமாகவோ ஒளிர்வாகவோ வெளியேறிவிடும். எப்போதாவது ஒருமுறை அது அருகிலுள்ள ஆக்சிஜனைத் தூண்டிவிட்டு, மூலக்கூறின் இரட்டைப் பிணைப்புச் சங்கிலியை அறுத்துவிடுகிறது. சங்கிலி அறுந்த மூலக்கூறு பச்சை ஒளியை விழுங்காது. அதற்கு நிறமும் கிடையாது. இப்படிக் கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக விழும்போது ரோஜா வெளுக்கிறது.

இதிலிருந்து கிடைக்கும் செய்தி ஒன்றைப் படச் சட்டக் கடைகளில் யாரும் சொல்வதில்லை. புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி நல்லதுதான். காகிதம் மஞ்சளாவதையும் நொறுங்குவதையும் அது தாமதப்படுத்தும். பல நிறமிகளின் ஆயுளையும் நீட்டிக்கும். ஆனால் இயோசின் போன்ற சாயத்தைச் சிதைக்க நாம் கண்ணால் காணும் பச்சை ஒளியே போதும். அந்த ஒளியையும் தடுத்தால் ஓவியத்தைப் பார்க்கவே முடியாது. புற ஊதா ஏறக்குறைய இல்லாத எல்இடி விளக்குக்கும் இதே வரம்பு உண்டு.

மங்குவது மட்டுமே ஆபத்து என்றும் நினைத்துவிடக் கூடாது. வான்கோவின் சூரியகாந்திகளில் உள்ள குரோம் மஞ்சள் ஒரு கனிம நிறமி. ஒளி பட்டால் அதிலுள்ள குரோமியம் ஆறாம் இணைதிற நிலை என்ற வேதிநிலையிலிருந்து மூன்றாம் நிலைக்கு இறங்குகிறது. மஞ்சள் பழுப்பேறுகிறது. எக்ஸ் கதிர் ஆய்வுகள் வழியாக 2011இல் இந்த வேதிவினை வெளிச்சத்துக்கு வந்தது. வான்கோவுக்கும் முன்பு வாழ்ந்த, பதினெட்டாம் நூற்றாண்டு டச்சு ஓவியர் யான் வான் ஹாய்சமின் பூங்கொத்துகளில் இலைகள் வினோதமான நீலமாக இருப்பதைக் காணலாம். நீலத்தோடு சேர்ந்து பச்சையைத் தந்த மஞ்சள் சாயம் மங்கிப்போனதால் வந்த விளைவு அது.

இனி உங்கள் சுவருக்கு வருவோம். ஒளியின் சேதம் ஏறத்தாழ இரண்டு எண்களின் பெருக்கல்: எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு நேரம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். அருங்காட்சியகங்கள் நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ண ஓவியங்களுக்குச் சுமார் 200 லக்ஸ் என்ற அளவைக் கடைப்பிடிக்கின்றன. நாளுக்கு 8 மணி நேரம் 50 லக்ஸ் என்றால் ஆண்டுக்கு 1,46,000 லக்ஸ் மணி. திறந்தவெளி உச்சி வெயில் ஏறக்குறைய ஒரு லட்சம் லக்ஸ். சன்னல் வழியாகச் சாய்ந்து வரும் காலை வெயில் அதில் பாதி என்றே வைத்துக்கொள்வோம். அது தினமும் அரை மணி நேரம் மட்டும் ஓவியத்தின் மீது விழுந்தாலும், ஓர் ஆண்டில் 91 லட்சம் லக்ஸ் மணி சேர்ந்துவிடுகிறது. அருங்காட்சியகம் அறுபது ஆண்டுகளுக்கு மேல் செலவழிக்கும் ஒளியை அந்தச் சுவர் ஒரே ஆண்டில் செலவழித்துவிடுகிறது. கைப்பேசியில் கிடைக்கும் லக்ஸ் அளவிச் செயலிகள் துல்லியமானவை அல்ல. ஆனாலும் இரண்டு சுவர்களை ஒப்பிட அவை தாராளமாக உதவும். படத்தை மாட்டும் முன் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் அளந்து பாருங்கள்.

ஐரோப்பியக் கையேடுகள் வடக்குச் சன்னல் பாதுகாப்பானது என்று சொல்லும். நம் ஊருக்கு அது அப்படியே பொருந்தாது. சென்னை 13 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் சென்னைக்கு வடக்கே நிற்கும். மார்ச் முதல் செப்டம்பர் வரை அது கிழக்குக்குச் சற்று வடக்கே உதித்து, மேற்குக்குச் சற்று வடக்கே மறையும். வடக்குச் சன்னல் வழியாகக் காலையிலும் மாலையிலும் வெயில் உள்ளே வரும். மார்கழியில் நிழலாக இருந்த சுவரை நம்பிப் படம் மாட்டினால், கோடையில் அதே இடத்தில் வெயில் கோடு போடும். சன்னல் இருக்கும் சுவரிலேயே, சன்னலுக்குப் பக்கவாட்டில் மாட்டுவதுதான் என் பார்வையில் சிறந்த வழி. அங்கே வெயில் நேராக விழாது. கண்ணாடியில் சன்னலின் பிரதிபலிப்பும் தெரியாது.

ஆனால் அது வெளிச்சுவர் என்றால் மழைக்காலத்தில் ஈரம் ஊறும். காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். சட்டத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் சிறு ரப்பர் அல்லது தக்கைத் துண்டுகளை ஒட்டினால், சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று புழங்கும். ஓவியம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். அமிலமற்ற அட்டையாகக் கேட்டு வாங்குங்கள்.

ஓவியத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஓவியரிடம் எந்த வண்ணம் பயன்படுத்தினார் என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல வண்ணக் குழாய்களில் நிறமியின் குறியீடு அச்சிடப்பட்டிருக்கும். பிஆர் 83 என்பது அலிசரின் சிவப்பு. மெல்லிய பூச்சாகப் பூசினால் விரைவில் மங்கும். பிவி 19, பிஆர் 122 ஆகியவை குயினாக்ரிடோன் என்ற செயற்கை நிறமி வகை. ரோஜா நிறங்களில் நன்கு நிலைப்பவை. ஓபரா பிங்க் என்ற கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பெரும்பாலும் ஒளிரும் சாயம் கலந்திருக்கும். தாமரையும் போகன்வில்லாவும் வரைய அதன்மேல் ஆசை வருவது இயல்பு. அந்த ஒளிர்வே முதலில் போய்விடும். அச்சுப் பிரதி வாங்குவதானால், சாய மையில் அச்சிட்டதா, நிறமி மையில் அச்சிட்டதா என்று கேளுங்கள். நிறமி மை பொதுவாக நெடுநாள் தாங்கும்.

நீங்களே வரைகிறவர் என்றால் எளிய சோதனை ஒன்று உண்டு. பயன்படுத்தும் வண்ணங்களை ஒரு காகிதத்தில் பட்டைகளாகத் தீட்டி, பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். அட்டையை எடுத்தால் எந்த வண்ணம் நிற்கும், எது ஓடும் என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

சுவரின் நிறமும் பூவை மாற்றும். பாரிஸின் கோபெலின் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய வேதியியலாளர் செவ்ரலிடம், கறுப்பு நூல் சோகையாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை. பக்கத்து நூலின் நிறம்தான் கறுப்பைக் குலைக்கிறது என்று அவர் கண்டறிந்தார். 1839இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். இளம்பச்சைச் சுவரில் செம்பருத்தி மேலும் சிவக்கும். செங்கல் நிறச் சுவரில் அதே பூ சோர்ந்துபோகும். அதோடு, ஒளி மங்கும்போது நம் கண் சிவப்பைச் சீக்கிரம் இழக்கிறது. நீலத்தையும் பச்சையையும் கூடுதல் நேரம் பிடித்து வைக்கிறது. செக் விஞ்ஞானி புர்க்கின்யே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்தார். மாலையில் விளக்கேற்றும் முன் புழங்கும் வராந்தாவுக்குச் செம்பருத்தியைவிடச் சங்குப்பூவே பொருத்தம்.

ஜப்பானியர் தொங்கு சித்திரங்களைப் பருவத்துக்கு ஏற்ப மாற்றுகிறார்கள். மற்ற மாதங்களில் சுருட்டி, பவுலோனியா மரப் பெட்டியில் வைக்கிறார்கள். நம் வீட்டிலும் இதைச் செய்யலாம். இரண்டு ஓவியங்களை ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாட்டினால், ஒவ்வொன்றும் படும் ஒளி ஏறத்தாழ பாதியாகக் குறையும். இருட்டில் வைத்தால் போன நிறம் திரும்பாது. இருக்கும் நிறம் மெதுவாகச் செலவாகும், அவ்வளவே. வெயில் கூடிய மாதங்களில் நீர்வண்ணத்தை உள்ளே எடுத்து வைத்து, எண்ணெய் வண்ணத்தைச் சுவரில் மாட்டுங்கள். எடுத்து வைக்கும் அலமாரி குளியலறைச் சுவரை ஒட்டி இருக்க வேண்டாம்.